‘நான் காட்சி வழியில் கற்பவள். கணிதம் எனக்கு ஒத்துவராதா?’

கேள்வி: நான் கல்லூரியில் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் ஒரு வினாத்தாள் கொடுத்து, யார் எந்தப் பாணியில் கற்பவர் என்று பிரித்துச் சொன்னார்கள். எனக்குக் ‘காட்சி வழி’ என்று வந்தது. அன்றிலிருந்து பெரும்பாலும் வீடியோ பார்த்துத்தான் படிக்கிறேன். குறிப்புகளையும் பல வண்ணங்களில் அழகாக எழுதி வைப்பேன். கால்குலசில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். ரியல் அனாலிசிசும் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவும் வந்த பிறகு மதிப்பெண் பாதிக்கும் கீழே போய்விட்டது. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தேர்வில் கை ஓடுவதில்லை. எங்கள் பேராசிரியர் படமே போடமாட்டார். வரையறை, தேற்றம், நிரூபணம் என்று போய்க்கொண்டே இருப்பார். ‘கேட்டுக் கற்பவள்’ என்று வந்த என் தோழி நன்றாக எழுதுகிறாள். என் பாணிக்கு இந்தப் பாடம் ஒத்துவராதா? வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. மதிப்பெண் குறைந்தது உண்மை, அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் வினாத்தாளில் வந்த பெயர் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். கல்லூரிக் கணித மாணவர்களோடு உட்கார்ந்து அவர்கள் படிக்கும் முறையைச் சரிசெய்வதே என் வேலை. இதே கேள்வியோடு வரும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். பாணி பொருந்தாததால் கணிதத்தை விட்டுவிட வேண்டும் என்று சொல்லும்படியான ஒருவரையும் நான் பார்த்ததில்லை. உங்களையும் அப்படிச் சொல்லமாட்டேன்.

முதலில் அந்த வினாத்தாளைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ‘வார்க்’ வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃப்ளெமிங் 1992-இல் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து அதை வெளியிட்டார். காட்சி, கேட்டல், படித்தல்-எழுதுதல், செய்து பார்த்தல் என்று நான்கு வகை. அதற்கு முன்பே 1984-இல் டேவிட் கோல்ப் அனுபவ வழிக் கற்றல் என்று ஒரு வகைப்பாட்டைத் தந்திருந்தார். 1988-இல் ஃபெல்டரும் சில்வர்மனும் பொறியியல் மாணவர்களை மனத்தில் வைத்து இன்னொன்றைச் செய்தார்கள். இப்படிக் கிளைவிட்டுக்கொண்டே போனது. 2004-இல் ஃபிராங்க் காஃபீல்டும் குழுவினரும் இருப்பதையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது 71 வகைப்பாடுகள் தேறின. அவற்றில் முக்கியமான 13-ஐ எடுத்து அலசினார்கள். பலவற்றில், அளக்கும் கருவியே நம்பும்படி இல்லை என்றுதான் முடிவுக்கு வந்தார்கள். ஒரே ஆளுக்கு ஒரு வகைப்பாட்டில் ஒரு பெயரும் வேறொன்றில் வேறு பெயரும் கிடைக்கும்.

அந்த வினாத்தாள் உங்களிடம் என்ன கேட்டது என்று நினைத்துப் பாருங்கள். புது இடத்துக்கு வழி சொல்லும்போது வரைபடம் வேண்டுமா, வாயால் சொன்னால் போதுமா? புதுக் கருவி வாங்கினால் கையேட்டைப் படிப்பீர்களா, பொத்தான்களை அழுத்திப் பார்ப்பீர்களா? கேள்விகள் எல்லாம் இந்த மாதிரிதான். உங்களுக்கு எது பிடிக்கும் என்று உங்களையே கேட்டு, நீங்கள் சொன்னதை உங்களிடமே திருப்பித் தந்திருக்கிறது. எது பிடிக்கும் என்பதற்கு அது நல்ல பதில்தான். எதில் அதிகம் கற்பீர்கள் என்று அது சோதிக்கவே இல்லை. பிடித்த வழியில் படித்தால் உற்சாகமாக இருக்கும் என்பது உண்மை. அந்த உற்சாகம் தேர்வுத்தாள் வரைக்கும் வருமா என்பதைத் தனியாகச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

அதைச் சோதிக்கும் வழியை 2008-இல் பேஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியார்க் ஆகிய நான்கு உளவியலாளர்கள் தெளிவாக எழுதிவைத்தார்கள். மாணவர்களைப் பாணிவாரியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்குப் படமாகவும் மீதிப் பேருக்குச் சொல்லாகவும் அதே பாடத்தை நடத்த வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. காட்சிக்காரர்கள் படத்தில் படித்தபோது மேலே வந்து, கேட்பவர்கள் சொல்லில் படித்தபோது மேலே வந்தால்தான் பாணிக்கு ஏற்பப் பாடம் நடத்துவதில் பலன் உண்டு. எல்லோருமே படத்தில் நன்றாகச் செய்தார்கள் என்றால் படம் நல்லது என்றுதான் பொருள், பாணிக்கு அங்கே வேலையில்லை. அதுவரை வெளிவந்த ஆய்வுகளில் இந்த ஒழுங்கோடு செய்யப்பட்டவையே மிகக் குறைவு, செய்தவற்றில் சிலவற்றின் முடிவு பாணிக் கொள்கைக்கு நேர் எதிர் என்று அவர்கள் கண்டார்கள்.

அப்புறமும் தேடினார்கள். 2015-இல் ரோகோவ்ஸ்கியும் சகாக்களும் பெரியவர்கள் சிலரை ஒரு நூலின் பகுதிகளைக் காதால் கேட்கவும், வேறு சிலரை அதே பகுதிகளைத் திரையில் படிக்கவும் வைத்தார்கள். கேட்கப் பிடிக்கும் என்றவர்கள் கேட்டதால் அதிகம் புரிந்துகொள்ளவில்லை. படிக்கப் பிடிக்கும் என்றவர்களுக்கும் அதே கதைதான். 2019-இல் ஹஸ்மனும் ஓலாக்லினும் உடற்கூறியல் படிக்கும் கல்லூரி மாணவர்களிடம் வார்க் வினாத்தாளையே கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானோர் தங்களுக்கு வந்த பாணிப்படி படிக்கவே இல்லை. படித்தவர்களும் மற்றவர்களைவிட அதிக மதிப்பெண் வாங்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் நம்பிக்கை குறையவில்லை. 2012-இல் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் ஆசிரியர்களைக் கேட்டபோது, பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்று பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சொன்னார்கள். ஆகவே உங்களுக்கு வினாத்தாள் கொடுத்தவர்கள்மீது வருத்தப்படாதீர்கள். மாணவர்களை ஒரே அச்சில் வார்க்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள்.

கணித மாணவர்களிடம் பாணியையும் மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்த சிறு ஆய்வுகளும் உங்கள் கண்ணில் படலாம். ஒன்றில் காட்சிக்காரர்கள் முந்துவார்கள், இன்னொன்றில் செய்து பார்ப்பவர்கள். அவற்றைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: அந்த மாணவர்கள் முன்பே எவ்வளவு கணிதம் தெரிந்து வந்தவர்கள்? கல்லூரிக் கணித மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்வதில் அந்த அடித்தளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் கணக்கில் எடுக்காமல் பாணியை மட்டும் மதிப்பெண்ணோடு ஒட்டினால் வரும் எண்ணை வைத்து ஒரு மாணவிக்கும் அறிவுரை சொல்ல முடியாது. உங்கள் தோழி நன்றாக எழுதுவதற்கும் அவளுக்கு வந்த பெயருக்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவள் எப்படிப் படிக்கிறாள் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதிலிருந்து உங்களுக்கு உண்மையாகவே ஏதாவது கிடைக்கலாம்.

சரி, அப்படியானால் எல்லோரும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்களா? இல்லை. கணிதக்காரர்களிடையே யோசிக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறத்தான் செய்கிறது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆன்ரி பொன்கரே இதைப் பற்றி எழுதும்போது ரீமன், வயர்ஸ்ட்ராஸ் என்ற இரண்டு பெரிய கணிதக்காரர்களை அருகருகே வைத்துக் காட்டினார். ரீமன் வடிவியலைத் துணைக்கு அழைப்பார். வயர்ஸ்ட்ராஸின் நூல்களைப் புரட்டினால் ஒரு படம்கூடக் கண்ணில் படாது, எல்லாம் தொடர்களும் சமனின்மைகளும்தான். சோவியத் உளவியலாளர் குருட்டெட்ஸ்கி, கணிதத்தில் திறமை காட்டிய பள்ளி மாணவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, பகுத்து யோசிப்பவர்கள், வடிவமாக யோசிப்பவர்கள், இரண்டையும் கலப்பவர்கள் என்று வகுத்தார். கணிதத் திறமைக்கு இதில் எதுவும் கட்டாயம் இல்லை என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

இன்னொன்றும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தமான விஷயம் இது. கணிதவியலாளர் பெர்னார் மொரேன் ஆறு வயதிலேயே பார்வையை இழந்தவர். ஒரு கோளத்தைக் கிழிக்காமல், கூர்மையான மடிப்பு விழாமல், தன்னைத்தானே ஊடுருவிச் செல்ல மட்டும் அனுமதித்து, உட்புறம் வெளியே வரும்படி புரட்ட முடியுமா என்று ஒரு கேள்வி உண்டு. முடியும் என்று ஸ்டீபன் ஸ்மேல் நிரூபித்துவிட்டாலும், எப்படிப் புரட்டுவது என்பது யாருக்கும் எளிதில் பிடிபடவில்லை. அதற்கு வழி காட்டியவர்களில் மொரேன் முக்கியமானவர். கணிதத்திலேயே மிகக் கடினமான ‘காட்சி’களில் ஒன்றைக் கண் தெரியாதவர் கண்டார்.

லெவ் பொன்ட்ரியாகின் பதினான்கு வயதில் அடுப்பு வெடித்துப் பார்வை இழந்தார். அவருக்குக் கணித நூல்களை வாசித்துக் காட்டியவர் அம்மா. அம்மாவுக்குக் கணிதம் தெரியாது. குறியீடுகள் பார்க்க எப்படி இருக்கின்றனவோ அப்படியே, வால் மேலே, வால் கீழே என்று சொல்லிச் சொல்லி வாசித்தார். மகன் இருபதாம் நூற்றாண்டின் பெரிய டோப்பாலஜிக்காரர்களில், அதாவது வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத வடிவப் பண்புகளை ஆராய்பவர்களில், ஒருவரானார். வடிவம் மனத்தில் கட்டப்படுவது. எந்தப் புலன் வழியாகச் சரக்கு உள்ளே போனது என்பது கட்டும் வேலையைத் தீர்மானிப்பதில்லை.

நீங்கள் திணறும் இடத்துக்கே போவோம். எப்சிலான்-டெல்டாவையே எடுத்துக்கொள்கிறேன்: விடை எவ்வளவு விலகலாம் என்று தரப்படும் அளவு எப்சிலான், அதற்காக உள்ளே போடும் எண் எவ்வளவு விலகலாம் என்று நாம் தேர்ந்தெடுக்கும் அளவு டெல்டா. ஒரு எண்ணை வர்க்கப்படுத்தும் சார்பு 2 என்ற புள்ளியில் தொடர்ச்சியானது என்று காட்ட வேண்டும். படம் தெரியும்: ஒரு பரவளையம், 4-ஐச் சுற்றிக் கிடைமட்டமாக ஒரு பட்டை, 2-ஐச் சுற்றிச் செங்குத்தாக ஒரு பட்டை. செங்குத்துப் பட்டைக்குள் இருக்கும் வளைவு கிடைமட்டப் பட்டையை விட்டு வெளியே போகக் கூடாது. நல்ல படம். கிடைமட்டப் பட்டைதான் முதலில் கொடுக்கப்படுகிறது, செங்குத்துப் பட்டையை அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

இப்போது எண்ணைப் போடுங்கள். விடை 4-இலிருந்து 0.1-க்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2.02-ஐ வர்க்கப்படுத்தினால் 4.0804, உள்ளே இருக்கிறது. 2.03 போட்டால் 4.1209, தாண்டிவிட்டது. ஆக 0.02 தூரம் போதும், 0.03 ஆகாது. இந்த உணர்வு படத்திலிருந்து வராது, கணக்குப் போட்டால்தான் வரும்.

அப்புறம் இயற்கணிதம். எக்ஸ் வர்க்கத்திலிருந்து 4-ஐக் கழித்தால், அது எக்ஸ் கழித்தல் 2, எக்ஸ் கூட்டல் 2 ஆகிய இரண்டின் பெருக்கல். முதல் காரணி நமக்கு வேண்டிய தூரம், அது நம் கையில் இருக்கிறது. இரண்டாவது காரணிதான் தொல்லை, அதைக் கட்டிப்போட வேண்டும். எக்ஸ் 2-இலிருந்து 1-க்குள் இருந்தால் அது 1-க்கும் 3-க்கும் நடுவில்தான் இருக்கும், ஆகவே எக்ஸ் கூட்டல் 2 என்பது 5-ஐத் தாண்டாது. அவ்வளவுதான். 1, எப்சிலானில் ஐந்தில் ஒரு பங்கு, இந்த இரண்டில் சிறியதை டெல்டாவாக எடுத்துக்கொள்ளலாம். 0.1-இல் ஐந்தில் ஒரு பங்கு 0.02, மேலே எண் போட்டுப் பார்த்தபோதே கண்ட அதே 0.02. இந்த 5 எங்கிருந்து வந்தது என்பதைப் பரவளையத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னும் முக்கியமான ஒன்று மீதி இருக்கிறது. ‘ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு’ என்பதை ‘ஒரு டெல்டா உண்டு, அது எல்லா எப்சிலானுக்கும் பொருந்தும்’ என்று மாற்றி எழுதினால் என்ன ஆகும்? அந்தப் புள்ளிக்கு அருகில் சார்பு மாறவே மாறாத மாறிலியாக இருக்க வேண்டிவரும். சொற்களின் வரிசையை மாற்றியதும் தொடர்ச்சி என்ற கருத்தே காணாமல் போய்விட்டது. ரியல் அனாலிசிஸ் விடைத்தாள்களில் மதிப்பெண் அதிகம் போவது இந்த இடத்தில்தான். படத்தில் இரண்டு பட்டைகளும் அப்படியே தெரியும், இந்த வித்தியாசம் தெரியாது. வாயால் மெதுவாகச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும்.

ஒரே கருத்துக்குப் படம், எண், இயற்கணிதம், சொல் என்று நான்கும் வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலையைச் செய்தது. எது எப்போது வேண்டும் என்பதைக் கருத்துதான் தீர்மானிக்கிறது, படிப்பவரின் பாணி இல்லை. ‘கேட்டுக் கற்பவள்’ என்ற உங்கள் தோழிக்கும் அந்தப் படம் வேண்டும், ‘காட்சி வழி’ என்ற உங்களுக்கும் அந்தச் சொல்வரிசை வேண்டும். கால்குலசில் படமும் சூத்திரமும் போதுமானவையாக இருந்தன. அனாலிசிசில் போதவில்லை. இந்தப் பாடத்தின் வரலாறே அப்படித்தான். 1872-இல் வயர்ஸ்ட்ராஸ் எங்கும் தொடர்ச்சியாக இருந்தும் எந்தப் புள்ளியிலும் வகையிட முடியாத ஒரு சார்பை முன்வைத்தார். தொடர்ச்சியான வளைவென்றால் சில இடங்கள் தவிர மற்றபடி வழவழப்பாகத்தான் இருக்கும் என்று கையால் வரைந்து பழகியவர்களுக்குத் தோன்றும். அந்த எண்ணம் அங்கேயே உடைந்தது. படத்தைக் கைவிட வேண்டியதில்லை, ஆனால் படம் எங்கே நின்றுவிடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இனி உங்கள் மதிப்பெண்ணுக்கு வருகிறேன். ‘வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, தேர்வில் கை ஓடுவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி இதுதான். வீடியோவில் அடுத்த படி என்ன என்று தீர்மானிப்பவர் வேறொருவர். நீங்கள் அந்தப் படி சரியா என்று மட்டும் பார்க்கிறீர்கள். தேர்வில் படியைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் நீங்கள். இரண்டும் வேறு வேறு திறமைகள். இரண்டாவதை நீங்கள் இன்னும் பழகவில்லை. அழகான வண்ணக் குறிப்புகளுக்கும் இது பொருந்தும்: முன்னால் இருப்பதைப் பார்த்து எழுதும்போது நினைவிலிருந்து எதையும் எடுக்க வேண்டிய தேவை வருவதில்லை.

ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006-இல் வெளியிட்ட சோதனை இதை நன்றாகக் காட்டுகிறது. கல்லூரி மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்தார்கள். பிறகு ஒரு பிரிவு அதையே மறுபடி படித்தது, இன்னொரு பிரிவு தாளை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து மறுபடி படித்தவர்கள் 42-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 56-இல் நின்றார்கள். முதல் நாள் இரவு ‘எல்லாம் வந்துவிட்டது’ என்று தோன்றுவதும் தேர்வறையில் வராமல் போவதும் இதனால்தான்.

கணிதத்துக்கே நேரடியானது ரோரரும் டெய்லரும் 2007-இல் செய்தது. கல்லூரி மாணவர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத சில திடப்பொருள்களின் கன அளவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பிரிவு ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்துச் செய்து முடித்து, அதன் பிறகு அடுத்த வகைக்குப் போனது. மற்றப் பிரிவுக்கு எல்லா வகையும் கலந்து வந்தன. பயிற்சியின்போது வகைவாரியாகச் செய்தவர்கள் 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள், கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். வகைவாரியாகச் செய்தவர்கள் 20 விழுக்காடு, கலந்து செய்தவர்கள் 63 விழுக்காடு! பயிற்சி எளிதாகப் போனவர்கள்தான் தேர்வில் விழுந்தார்கள். ஒரே வகைக் கணக்குகளை வரிசையாகச் செய்யும்போது எந்த முறையைப் போடுவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை, முந்தைய கணக்கில் செய்ததையே செய்தால் போதும். தேர்வுத்தாளில் அந்த வசதி கிடையாது.

ஆகவே இனி என்ன செய்வது? நான் சொல்வதில் முதலாவது கொஞ்சம் கசப்பாக இருக்கும். வீடியோவை விட வேண்டாம், பார்க்கும் முறையை மாற்றுங்கள். தேற்றத்தைச் சொன்னதும் நிறுத்துங்கள். வெள்ளைத்தாளில் நீங்களே நிரூபிக்க முயலுங்கள். என்ன தரப்பட்டிருக்கிறது, என்ன காட்ட வேண்டும், அந்தச் சொற்களின் வரையறை என்ன என்று மட்டுமாவது எழுதுங்கள். கால் மணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டு ஓரிரு வரி மட்டும் ஓடவிட்டு மறுபடி நிறுத்துங்கள். ஒரு வீடியோவை முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆகலாம், பரவாயில்லை. புத்தகத்தில் படித்தாலும் இதே முறைதான்: நிரூபணத்தைக் கையால் மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் திறங்கள்.

அடியோடு புதிதான பகுதியில் மட்டும் இதில் ஒரு தளர்வு உண்டு. ஸ்வெல்லரும் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் காட்டியபடி, தொடக்கத்தில் தீர்த்துக்காட்டிய கணக்குகளைக் கவனமாகப் படிப்பதே அதிகப் பலன் தரும். ஆனால் ஓரளவு பிடிபட்டதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் தீர்த்த கணக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தால் அது தடையாகிவிடும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டியும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது என் ஊகம்.

வரையறைகளைத் தனியாகக் கவனியுங்கள். கல்லூரிக் கணிதத்தில் நிரூபணத்தின் முதல் வரியும் கடைசி வரியும் பெரும்பாலும் வரையறையிலிருந்தே கிடைத்துவிடும். ஒவ்வொரு வரையறைக்கும் பொருந்தும் எடுத்துக்காட்டு ஒன்றையும் பொருந்தாதது ஒன்றையும் நீங்களே உண்டாக்குங்கள். பொருந்தாததை உண்டாக்குவதுதான் சிரமம், கற்பதும் அதில்தான் நடக்கும். உறுப்புகள் பூச்சியத்தை நெருங்கியும் கூட்டுத்தொகை குவியாத தொடர் ஒன்றைக் கேட்டால், 1, 1/2, 1/3 என்று கூட்டிக்கொண்டே போகும் ஹார்மோனிக் தொடரின் பெயரைச் சொல்லிவிடலாம். அதன் உறுப்புகளை இரண்டு, நான்கு, எட்டு என்று கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டமும் அரைக்குக் குறையாது என்று புத்தகத்தைப் பார்க்காமல் எழுதிக் காட்ட முடிகிறதா? அப்போதுதான் அது உங்களுடையது.

அல்ஜீப்ராவுக்குக் கையால் செய்யும் ஒன்று சொல்கிறேன். அட்டையில் ஒரு சமபக்க முக்கோணம் வெட்டி, மூலைகளில் 1, 2, 3 என்று எழுதுங்கள். பின்பக்கமும் அதே மூலைக்கு அதே எண். அட்டை அதே இடத்தில் உட்காரும்படி எத்தனை விதமாக நகர்த்தலாம்? சும்மா விடுவதையும் சேர்த்து மூன்று சுழற்றல், மூன்று புரட்டல், மொத்தம் ஆறு. சுழற்றிவிட்டுப் புரட்டுங்கள், பிறகு புரட்டிவிட்டுச் சுழற்றுங்கள். மூலைகள் வேறு வேறு இடத்தில் வந்து நிற்கும்.

இப்போது ஒரு புரட்டலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 120 பாகை சுழற்றி, அந்தப் புரட்டலைச் செய்து, பிறகு சுழற்றியதை எதிர்த்திசையில் திருப்புங்கள். வேறொரு அச்சில் புரட்டிய நிலை வரும். சுழற்றல்களில் ஒன்றை எடுத்து, நடுவில் அதை வைத்து, முன்னும் பின்னும் எந்த நகர்த்தலைச் செய்து திருப்பினாலும் மறுபடி ஒரு சுழற்றலே கிடைக்கும். இந்த ஆறு நகர்த்தல்களும் சேர்ந்தது ஒரு குலம், அதற்குள் தானே ஒரு குலமாக நிற்கும் சிறு தொகுதி உட்குலம். நார்மல் உட்குலம் என்ற வரையறை சொல்வது இதைத்தான். மூன்று சுழற்றல்களும் சேர்ந்த உட்குலம் நார்மல். ஒரு புரட்டலும் சும்மா விடுவதும் மட்டும் சேர்ந்த உட்குலம் நார்மல் இல்லை. இதைச் செய்து முடித்த கையோடு, அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, அதே விஷயத்தைக் குறியீட்டில் எழுதுங்கள். எழுதாமல் எழுந்துவிட்டால் விளையாடியதோடு சரி.

கணக்குகளைக் கலந்து செய்யுங்கள். இன்று படித்த பகுதியிலிருந்து இரண்டு, போன வாரத்திலிருந்து இரண்டு, போன மாதத்திலிருந்து ஒன்று என்று எடுத்தாலே போதும். எந்த அத்தியாயத்தின் கணக்கு என்று தெரியாதபடி துண்டுச்சீட்டில் எழுதிப் போட்டு எடுப்பது இன்னும் நல்லது. டன்லாஸ்கியும் குழுவினரும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டபோது, தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும்தான் முன்வரிசையில் வந்தன. வண்ணக்கோடு போடுவதும் மறுபடி மறுபடி படிப்பதும் பின்வரிசைக்குப் போயின. புது முறைக்கு மாறியதும் முதல் சில வாரங்கள் முன்னைவிட மோசமாகப் படிப்பதுபோல் தோன்றும். தப்புகள் கூடும், வேகம் குறையும். மனம் தளர்ந்து பழையபடி வீடியோவுக்குத் திரும்பிவிடுபவர்கள் நிறைய. அந்தச் சில வாரங்களைக் கடந்துவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பேராசிரியர் படம் போடாதது பற்றி. போட்டால் நல்லதுதான், எல்லோருக்குமே நல்லது. வகுப்பு நடக்கும் விதம் மதிப்பெண்ணைப் பாதிக்கும் என்பதும் உண்மை. 2014-இல் ஃப்ரீமனும் குழுவினரும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சொற்பொழிவாக மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காடு பேர் தோற்றார்கள், மாணவர்களே வகுப்பில் கணக்குச் செய்து விவாதித்த வகுப்புகளில் 21.8 விழுக்காடு. இந்த வித்தியாசம் மாணவரின் பாணியைப் பார்த்து வந்ததில்லை, வகுப்பில் வேலை செய்தவர் யார் என்பதைப் பொறுத்து வந்தது. உங்கள் வகுப்பில் அது நடக்காவிட்டால், வெளியே நீங்களே நடத்திக்கொள்ளலாம். அந்தத் தோழியோடு வாரம் ஒருநாள் உட்காருங்கள். ஒருவர் பலகையில் நிரூபணம் எழுத வேண்டும், மற்றவர் ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும். படத்தை நீங்கள் போடுங்கள். படத்திலிருந்து சொல்லுக்கும் சொல்லிலிருந்து குறியீட்டுக்கும் நீங்களே மாற்றும்போது, யாரோ போட்டுக்கொடுத்த படத்தைவிட அதிகம் கிடைக்கும்.

தேர்வறையில் பயத்தால் மூளை வெறுமையாகிவிடுகிறது என்றால் அதுவும் வேறு விஷயம் இல்லை. கணிதப் பயம், கணக்கை மனத்தில் தாங்கி நிற்கும் தற்காலிக நினைவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று ஆஷ்கிராஃப்டும் கிர்க்கும் 2001-இல் காட்டினார்கள். வீட்டிலேயே கடிகாரம் வைத்து, புத்தகம் மூடி, பழைய வினாத்தாளை எழுதிப் பழகினால் தேர்வறை அவ்வளவு அந்நியமாக இருக்காது. தூக்கம் கெடும் அளவுக்குப் பயம் இருந்தால் கல்லூரி ஆலோசகரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

பாடம் மாறுவதைப் பற்றி இந்தப் பருவத்தில் முடிவெடுக்க வேண்டாம். மேலே சொன்னபடி ஒரு முழுப் பருவம் படித்துப் பாருங்கள். அப்போதும், ஒரு நிரூபணம் கைகூடும்போதுகூட மனம் மகிழவில்லை, வேறு எதையோதான் நாடுகிறது என்றால் தாராளமாக மாறுங்கள், அது நல்ல காரணம். ‘காட்சி வழி’ என்று ஒரு தாள் சொன்னது அதற்குக் காரணமாகாது.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். போன தேர்வில் மதிப்பெண் போன மூன்று கேள்விகளை விடைக்குறிப்பைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். எந்த வரியில் நின்றீர்களோ அங்கே ஒரு கோடு போடுங்கள். வரையறை நினைவுக்கு வராமல் நின்றதா, வரையறை தெரிந்தும் அடுத்த படி தெரியாமல் நின்றதா, படி தெரிந்தும் இயற்கணிதத்தில் சறுக்கியதா என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். அந்தத் தாள்களோடு உங்கள் பேராசிரியரின் அறைக்குப் போங்கள். ‘எனக்குப் புரியவில்லை சார்’ என்று பொதுவாகச் சொன்னால் அவரும் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். கோடு போட்ட இடத்தைக் காட்டி, ‘இதற்கு முன்வரை நானே எழுதினேன், இங்கே என்ன யோசித்திருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். படம் போடாத பேராசிரியராக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்வார்.